பனியனில் ஒட்டிய பெயர் நிலைக்குமா?

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் நண்பர் குழு, வைகாசியில் பாடலீசுவரர் கோயில் தேர் இழுக்கும் தெருப் பிள்ளைகள், பொங்கல் கபடி அணி என எல்லோருக்கும் இன்று பெயர் போட்ட பனியன் வேண்டும். ஹீட் பிரஸ் மெஷினில் அழுத்திக் கையில் கொடுக்கும்போது எல்லாமே பளிச்சென்றுதான் இருக்கும். குறை வெளியே வருவது துவைத்த பிறகு. மொத்த ஆர்டருக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே ஒரு சாம்பிளை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

முதலில் துணியைக் கேளுங்கள். சப்ளிமேஷன் முறையில் சாயம் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். தடவினால் கையில் எதுவும் தட்டாது, உரியவும் உரியாது. ஆனால் அது வெளிர் நிற பாலியஸ்டருக்குத்தான் சரி. முழுக் காட்டன் பனியனில் போட்டால் சில துவைப்பிலேயே வெளுத்துவிடும். காட்டனுக்கு வினைல் அல்லது டிடிஎஃப். இரண்டுமே சூட்டில் இளகும் பசையால் துணிமேல் ஒட்டும் படலம். பொதுவாக 150 முதல் 160 டிகிரி சூடு, 10 முதல் 15 விநாடி, நல்ல அழுத்தம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பசை நூலுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும்.

கடலோரத்தில் இருக்கும் நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் காற்றில் காட்டன் துணி எப்போதும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். சாதாரண நிலையிலேயே காட்டன் தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரம் பிடிக்கும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூடப் பிடிக்காது. அந்த ஈரம் படலத்துக்கு அடியில் ஆவியானால் பசை பிடிக்காது, கொப்புளம் வரும். "வெறும் பனியனை ஒரு தடவை அழுத்தி எடுத்துட்டு அப்புறம் டிசைன் வைங்கண்ணே" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து விநாடி வேலைதான்.

சாம்பிள் நன்றாக ஆறிய பிறகு ஓரத்தை நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். எழும்பக் கூடாது. இரு பக்கமும் பிடித்து அளவாக இழுங்கள். வெள்ளைக் கீறலாக வெடித்தால் திருப்பிக் கொடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் படலத்தின் மேல் துணியின் நூல் வரி லேசாகத் தெரிய வேண்டும். கண்ணாடிபோல் வழவழவென்றிருந்தால் பசை சரியாக இறங்கவில்லை என்று சந்தேகப்படலாம். பட்டர் பேப்பர் வைத்து இன்னொரு முறை அழுத்தச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துக்கு நான் தனியாகப் பார்ப்பது புள்ளியை. 'திருப்பாதிரிப்புலியூர்' என்று எழுதினால் மூன்று புள்ளி. வினைலில் ஒவ்வொரு புள்ளியும் தனித் துண்டு. மார்பு அகலத்துக்குள் இவ்வளவு நீளப் பெயரை அடக்கினால் புள்ளி கடுகளவு ஆகிவிடும், பசைக்குப் பிடிமானமே இருக்காது. முதலில் உதிர்வதும் அதுதான். தடித்த எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் எழுத்தைச் சுற்றி ஒரு பார்டர் போடச் சொல்லுங்கள், புள்ளியும் எழுத்தும் ஒரே துண்டாகச் சேர்ந்துவிடும். எழுத்தைச் சுருக்கிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கும் டிசைனுக்குச் சம்மதிக்காதீர்கள்.

சிவப்பு பாலியஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எழுத்து போடுகிறீர்களா? சூட்டில் துணியின் சாயம் கிளம்பி வெள்ளைக்குள் ஊறும். அன்றைக்குத் தெரியாது, சில நாளில் இளஞ்சிவப்பாகிவிடும். குறைந்த சூட்டில் ஒட்டும் படலமோ, சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ள படலமோ கேளுங்கள். சாம்பிளை நாலைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதற்குச் சரி சொல்லுங்கள்.

ஒட்டி 24 மணி நேரம் கழித்து அதே சாம்பிளைத் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கல்லில் அடிப்பது, பிரஷ் போடுவது, டிசைன் மேல் நேராக இஸ்திரி வைப்பது மூன்றும் வேண்டாம். இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகும் ஓரமும் புள்ளியும் அப்படியே இருந்தால் மீதிப் பனியன்களை அடிக்கச் சொல்லலாம். இதற்கெல்லாம் திருவிழாவுக்குப் பத்து நாளாவது முன்னால் கடைக்குப் போக வேண்டும்.