அஸ்பிரினும் குடல்வாழ் பற்றீரியாவும்

தலையிடிக்கும் காய்ச்சலுக்கும் உரிய எளிய குளிசையாகவே அஸ்பிரினை நாம் அறிவோம். 1899 இல் விற்பனைக்கு வந்த இம்மருந்து பெருங்குடற் புற்றுநோயோடு தொடர்புடையதாகும் என அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். அஸ்பிரின் உட்கொள்வோரிடையே அந்நோய் குறைவாகக் காணப்படுவதை 1988 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரைச் சேர்ந்த கேப்ரியல் கூனே குழுவினர் எடுத்துக்காட்டினர்.

இதற்குக் காரணம் யாது? அழற்சியைத் தூண்டும் புரோஸ்ரகிளாண்டின்கள் உடலில் உருவாவதை அஸ்பிரின் தடுக்கின்றது என்பதை ஜோன் வேன் 1971 இல் நிறுவியிருந்தார். நெடுங்காலம் இதுவே போதிய விளக்கமாகக் கருதப்பட்டது. குடலிற் குடியிருக்கும் நுண்ணங்கிகளை எவரும் கணக்கிற் கொள்ளவில்லை.

2012 இல் நிலைமை மாறியது. கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் தனித்தனியே ஆராய்ந்த இரு குழுவினர், பெருங்குடற் புற்றுக்கட்டிகளில் பியூசோபற்றீரியம் நியூக்கிளியேற்றம் என்னும் பற்றீரியா மிகுந்திருப்பதைக் கண்டனர். இஃது இயல்பாக வாயில், பற்களின் ஓரத்தில் வாழ்வது. குடலில் இதற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். இப்பற்றீரியா தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தினாற் குடற்கலங்களைப் பற்றிக்கொண்டு, அவை பெருகுவதற்கான சமிக்ஞையைத் தூண்டுகின்றது என்பது 2013 இல் வெளியாயிற்று.

இந்நிலையில் ஐக்கிய அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் 2021 இல் வெளியிட்ட ஆய்வு கவனத்திற்குரியது. வளர்ப்பூடகத்தில் அஸ்பிரின் சேர்த்தபோது இப்பற்றீரியாவின் வளர்ச்சி தடைப்பட்டது. செறிவு கூடியபோது அது மடிந்தது. இப்பற்றீரியா ஊட்டப்பெற்ற எலிகளுக்கு நாள்தோறும் அஸ்பிரின் கொடுக்க, அதனால் மிகக்கூடிய கட்டிகள் குறைந்தன. அஸ்பிரின் உட்கொண்டுவந்த மனிதரின் குடற்கட்டி இழையத்திலும் அது குறைந்தே இருந்தது. அழற்சியைத் தணிப்பதோடு, நோய்க்குத் துணைபோகும் ஓர் உயிரியையும் இக்குளிசை அடக்குகின்றது போலும்.

ஆனால் பற்றீரியாக்களும் வாளா இருப்பனவல்ல. ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தார் 2020 இல் வெளியிட்ட எலி ஆய்வில், குடற் பற்றீரியாக்கள் அகற்றப்பட்ட எலிகளிலேயே அஸ்பிரின் கட்டிகளை நன்கு குறைத்தது. லைசினிபசிலஸ் ஸ்பெரிக்கஸ் என்னும் பற்றீரியா அஸ்பிரினைச் சிதைப்பதே காரணமெனக் கண்டனர். அதனை ஊட்டியதும் மருந்தின் பயன் மறைந்தது. ஒரே மருந்து எல்லோர்க்கும் ஒரே அளவிற் பயன்தராமைக்குரிய ஒரு விளக்கத்தை இவ்வாய்வு சுட்டுகின்றது. என் கருத்தில், 2021 இன் முடிவினும் இதுவே ஆழ்ந்து நோக்கத்தக்கது.

எலியினின்று மனிதனுக்கு வரும்போது அவதானம் வேண்டும். அஸ்பிரின் இரைப்பையிலும் மூளையிலும் குருதிப்பெருக்கை ஏற்படுத்தவல்லது. அவுஸ்திரேலியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 19,114 முதியோரிடம் நிகழ்ந்து 2018 இல் முடிவுகள் வெளியான பரிசோதனையில், நாளுக்கு 100 மில்லிகிராம் உட்கொண்டோரிடையே புற்றுநோய் இறப்புகள் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தன. பெருங்குடற் புற்றுநோயைத் தடுக்கக் குறைந்த அளவு அஸ்பிரினை 2016 இல் ஒரு சாராருக்குப் பரிந்துரைத்த அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, சான்று போதாதெனக் கூறி 2022 இல் அதனைக் கைவிட்டது.

பரம்பரையாக இந்நோய்க்கு ஆளாகும் லிஞ்ச் கூட்டறிகுறியுடையோர் இதற்கு விலக்கானவர். அவர்களுள் 861 பேரிடம் நிகழ்ந்த பரிசோதனையில், நாளுக்கு 600 மில்லிகிராம் வீதம் இரண்டாண்டுகளேனும் உட்கொண்டோரிடம் பிற்காலத்தில் நோய் குறைந்தமை 2011 இல் வெளியாயிற்று. 2020 முதல் பிரித்தானியாவில் அத்தகையோருக்கு அஸ்பிரின் பரிந்துரைக்கப்படுகின்றது.