விறகடுக்கில் ஓர் இரைச்சல்

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு மாலைப்பொழுது. நோயுற்றிருந்த முதியவர் ஒருவரைப் பார்த்துவர ஆனையூரிலுள்ள அவரது இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கைகழுவக் கொல்லைப்புறம் சென்ற என்னை அவருடைய துணைவியார் தடுத்தார். “அங்கிட்டுப் போகாதீங்க சாமி. விறகுக்குள்ள என்னமோ இரையுது.”

காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தாற்போன்ற ஓர் ஓசை விட்டுவிட்டுக் கேட்டது. பேரன் கைவிளக்கைப் பாய்ச்சினான். ஒரு முழங்கூட நீளமில்லாத மண்ணிறப் பாம்பு ஒன்று, எட்டு என்னும் எண்ணைப்போல் உடலை மடித்துக்கொண்டு, மடிப்போடு மடிப்பை உரசிக்கொண்டிருந்தது. அது சுருட்டைவிரியன். பையன் கம்பைத் தேடினான், பாட்டி விடவில்லை. தீயணைப்பு நிலையத்திற்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பத்தடி தள்ளி நாற்காலி போட்டு அமர்ந்தோம். அவர்கள் வருவதற்குள் என் நெஞ்சில் ஓடியவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, கட்டட வேலை செய்யும் குடும்பத் தலைவர் ஒருவர் ஒரு மாலை என்னிடம் வந்தார். செங்கல் அடுக்கைப் பிரிக்கையில் விரலில் ஏதோ கடித்ததாகவும், அது சாண் நீளமுள்ள பொடிப் பாம்பே என்றும் கூறிச் சிரித்தார். பச்சிலை கட்டியிருந்தார். விரல் சற்றே வீங்கியிருந்தது. “இன்று வேலைக்குப் போகாமல் ஓய்வெடுங்கள்” என்று சொல்லி அனுப்பினேன். பாம்பென்றால் ஐந்தடி நீளமும் படமும் இருக்கவேண்டும் என்று நான் எண்ணியிருந்த காலம் அது. மறுநாள் அவருடைய ஈறுகளில் இரத்தம் கசிந்தது, சிறுநீர் சிவந்தது. அதன் பின்னரே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார்கள். நான்காம் நாள் அவருடைய அடக்கச் சடங்கை நான் நடத்தினேன். பச்சிலை கொடுத்தவரைப் பலர் ஏசினார்கள். படித்தவனாகிய நானும் அதே மாலையில் அவரைப் பார்த்தேன் என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

சுருட்டைவிரியனின் நஞ்சு இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை அறியும் முறை மிக எளியது. கடிபட்டவரின் இரத்தத்தில் சிறிதளவைத் தூய்மையான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, இருபது நிமிடங்கள் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் நீராய் ஓடினால், விரியனின் நஞ்சு உடலில் ஏறியிருக்கிறது என்று பொருள். அன்று அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது இருபது நிமிடமும் ஒரு குழாயும், அதைத் தொடர்ந்து விஷமுறிவு மருந்துமே.

ஆனையூர் கண்மாய்ப் பாசனத்தால் வாழ்ந்த ஊர். 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. நெல் விளைந்த மண்ணில் இன்று தெருக்கள் ஓடுகின்றன. வயல் போனாலும் எலி போகவில்லை. நம் குப்பையும் தானியமும் அதற்கு வயலைவிட வசதியாகிவிட்டன. எலி இருக்குமிடத்திற்கு நல்லபாம்பும் சாரையும் வருவதில் வியப்பில்லை. காலி மனைகளில் மண்டிய சீமைக்கருவேலும், கட்டடம் இடித்த கல் குவியலும் சுருட்டைக்கு அரண்மனை. “பாம்பு ஊருக்குள் வந்துவிட்டது” என்கிறோம். யார் யாருடைய இடத்திற்கு வந்தார்கள் என்பது விவாதத்திற்குரியது!

கடல்கடந்த அமெரிக்க நாட்டின் அரிசோனா பாலைநிலத்திலும் இதே கதைதான். அங்கே கிலுகிலுப்பைப் பாம்பு என்றொரு விரியன் இனம் உண்டு. நம் நகத்தைப் போன்ற பொருளாலான வளையங்கள் அதன் வால் நுனியில் கோத்தாற்போல் அமைந்திருக்கின்றன. தோலுரிக்குந்தோறும் ஒரு வளையம் கூடும். ஆண்டுக்கொரு வளையம் என்று எண்ணி வயதைச் சொல்வது தவறு. ஓராண்டில் பலமுறை தோலுரிப்பதுண்டு, நுனி வளையங்கள் ஒடிந்து விழுவதுமுண்டு. நெருங்குவோரை எச்சரிக்க அது வாலை ஆட்டி ஒலியெழுப்புகிறது. நம் சுருட்டைக்கு அந்தக் கிலுகிலுப்பை இல்லை. அதன் விலாச் செதில்கள் அரம்போல் சொரசொரப்பானவை. அவற்றை உரசியே “வராதே” என்கிறது. பாலைவனத்தில் வளர்ந்த நகரங்களில் வீட்டு முற்றத்துக்கே இந்தப் பாம்புகள் வருகின்றன. அங்கும் தீயணைப்புப் படையினர் பிடித்துச் செல்வதுண்டு.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏழெட்டாயிரம் பேர் நச்சுப்பாம்புகளால் கடிபடுகின்றனர். இறப்போர் ஏறத்தாழ ஐந்து பேர். இந்தியாவிலோ 2000 முதல் 2019 வரை பன்னிரண்டு லட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாக 2020இல் வெளியான ஆய்வு கணித்தது. ஆண்டுக்குச் சராசரி 58,000 உயிர்கள். நால்வரில் ஒருவருக்கு மேல் பதினைந்து வயது நிரம்பாத பிள்ளைகள். இவர்களில் மிகப் பலர் சிற்றூர்களிலேயே, மருத்துவமனையை எட்டாமலே இறந்தவர்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பாம்புக்கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது கட்டாயம்.

நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கொள்வன நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும். இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது கட்டுவிரியனுக்கே. அது பகலில் சாதுவாய்ச் சுருண்டு கிடக்கும். இரவில் வீட்டுக்குள் ஊர்ந்து, தரையில் படுத்திருப்போரைக் கடிக்கும். பல வேளைகளில் வலியே இராது, கடிவாயும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள்; கண்ணிமை தானே தாழும்; பேச்சுக் குழறும். உணவு ஒவ்வாமை என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் மூச்சு நின்றுவிடும். கட்டிலில் படுப்பதும், தரையில்தான் படுக்கவேண்டுமெனில் கொசுவலையைப் பாயின்கீழ் நன்றாகச் செருகிக்கொள்வதும் ஏழைக்கும் இயலக்கூடிய காவல். கண்ணாடிவிரியனை அதன் உரத்த சீற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்து இருக்கிறது. பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குகிறார்கள். அந்த நஞ்சில் பெரும்பகுதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? நம் தமிழ்நாட்டு இருளர்களின் கைகளிலிருந்து! முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து அந்தத் தொழில் நின்றது. ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் பாம்புகளைச் சில வாரங்கள் பானைகளில் வைத்து, நஞ்சைக் கறந்துவிட்டு, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் மலைப்பாம்பு பிடிக்க 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். 2023இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்கள். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அந்தக் கைகளுக்கு மதுரை மருத்துவமனைகளில் உயிர் பிழைப்போரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

கடிபட்டால் செய்யவேண்டியது சிறிதே, செய்யக்கூடாதது பெரிது. மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை உடனே கழற்றிவிடுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி மட்டையால் தாங்கி, 108 ஊர்தியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. பாம்பை அடித்துப் பையில் கொண்டுபோக வேண்டியதும் இல்லை. அந்த முயற்சியில் இரண்டாமவர் கடிபட்ட நிகழ்ச்சிகள் உண்டு.

விறகைப் பற்றி ஒரு சொல். மால்த்தா தீவில் புனித சின்னப்பர் சுள்ளிகளை அள்ளி நெருப்பிலிட்டபோது, வெப்பம் தாங்காது வெளிப்பட்ட விரியன் அவர் கையைப் பற்றியதாக அப்போஸ்தலர் பணியில் வாசிக்கிறோம். எத்தனையோ முறை அதைப் படித்தும், விரியன் விறகுக்குள் இருந்தது என்பது ஆனையூர்க் கொல்லையில்தான் எனக்கு உறைத்தது. சின்னப்பருக்குத் தீங்கு நேரவில்லை. நாமோ விறகை வெறுங்கையால் அள்ளாமல், முதலில் கம்பால் தட்டிப் பார்ப்போம்.

முக்கால் மணி நேரங் கழித்துத் தீயணைப்பு வீரர்கள் இருவர் வந்தனர். நீண்ட இடுக்கியால் மெல்லப் பற்றி, மூடியில் துளையிட்ட ஒரு புட்டிக்குள் அதை இறக்கினார்கள். உள்ளே சென்ற பிறகும் அது உரசிக்கொண்டேயிருந்தது. “இவ்வளவு சின்னதா!” என்றான் பையன். பாட்டி பதில் சொல்லாமல் விறகடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனை அழைத்து, “விடிஞ்சதும் நாலு கல்லைப் போட்டு, சுவத்தை விட்டுத் தள்ளி மேட அடுக்கணும்டா. செருப்பப் போட்டுக்கிட்டு வா” என்றார்.