ஸ்கேன் சீட்டைச் சுருட்டி வைக்காதீர்கள்

கழுகுமலைப் பக்கமிருந்து கோவில்பட்டிக்கு என்னிடம் சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிகள் பலர் ஒரு பழைய சீட்டையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். 'மேமோகிராம் எடுக்கவும்', 'சி.டி. எடுக்கவும்' என்று எப்போதோ ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. எடுத்திருக்க மாட்டார்கள். கேட்டால், "மிளகாய் எடுப்பு முடியட்டும்னு இருந்தோம்", "கூட வர ஆளில்ல சார்", "பங்குனி உத்திரம் கழியட்டும்னு பாத்தோம்" என்பார்கள். சீட்டு எழுதிய நாளில் கோலிக்குண்டு அளவு இருந்த கட்டி, இப்போது தோலை உடைத்துப் புண்ணாகியிருக்கும்.

யாருடைய சீட்டு தங்கிவிடுகிறது?

நோயைப் பார்த்து ஸ்கேன் தள்ளிப்போவதில்லை; நோயாளி யார் என்று பார்த்துத்தான் தள்ளிப்போகிறது. மகனுக்குத் தலைவலி என்றால் அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கார் பிடிக்கிற வீடு, அம்மாவின் மார்புக் கட்டிக்கு 'அடுத்த மாசம் பாப்போம்' என்கிறது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண் லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. துணைக்கு வரும் மகளின் கூலியும் போச்சு. ஸ்கேனுக்கு ஒருநாள், ரிப்போர்ட்டுக்கு ஒருநாள், டாக்டரிடம் காட்ட இன்னொரு நாள் என்று அலையவிட்டால் அந்தக் குடும்பம் எப்படித் தாங்கும்? எழுபதைத் தாண்டியவருக்கு, 'இந்த வயசுல எதுக்கு' என்று வீட்டாரே முடிவு கட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்க, தனியாகக் கிடக்கும் அம்மாக்களின் சீட்டு அரிசி டப்பாவுக்குள் போய்விடுகிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 6 பேர்கூட இல்லை. நாடு முழுவதும் பார்த்தால் 100-க்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பணக்கார நாடான அமெரிக்காவிலும் காப்பீடு இல்லாத பெண்கள் மேமோகிராம் எடுப்பது குறைவுதான்.

திண்ணைப் பேச்சு

'கதிர் பட்டா கட்டி பரவும்.' பரவாது. அல்ட்ரா சவுண்ட், எம்.ஆர்.ஐ. இரண்டிலும் எக்ஸ்ரே கதிரே கிடையாது. மேமோகிராமில் மிகக் குறைவு. சி.டி.யில் கூடுதல்தான்; ஆனால் நோய் எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது அதைவிட ஆபத்து.

'ஊசி குத்திச் சதை எடுத்தா நோய் கிளம்பிரும்.' குத்தாமல் விட்ட கட்டிகள்தான் முற்றிப்போய் என்னிடம் வருகின்றன. கைப் பரிசோதனை, படம், சதைப் பரிசோதனை மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு.

'வலிக்கவே இல்லையே.' மார்பகப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

'ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க.' இளவயதுப் பெண்களுக்கு மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில் கட்டி மறைந்துகொள்ளலாம். அதனால்தான் அவர்களுக்கு முதலில் அல்ட்ரா சவுண்ட் எழுதுகிறோம். கையில் கட்டி தட்டுப்படுகிறதென்றால், படம் சுத்தமாக இருந்தாலும் விடாதீர்கள்.

'ஏற்கெனவே எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?' கீமோவுக்குக் கட்டி கரைகிறதா, மருந்தை மாற்றணுமா என்று பார்க்க.

'ஆம்பளைங்க எடுப்பாங்களே.' பெண் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை.

எருக்கம்பாலும் மெடிக்கல் மாத்திரையும்

கட்டியின் மேல் எருக்கம்பால் தடவுகிறார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பற்றுப் போடுகிறார்கள். தோல் வெந்து புண்ணானதும், 'கட்டி பழுத்து உடையுது' என்று சந்தோஷப்படுகிறார்கள்! உடைவது சீழ்க்கட்டி இல்லை. இன்னொரு பக்கம், மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாடிக்கை மாசக்கணக்கில் விழுங்குகிறார்கள். அந்த ஆன்டிபயாடிக் புற்றுக் கட்டியைக் கரைக்காது. வாய்ப்புண்ணும் அப்படித்தான்; இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் 'சூட்டுப் புண்' என்று விட்டுவிடாதீர்கள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்கள் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

காசுதான் தடையா?

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையாமல், இப்போதே அட்டை வாங்கி வையுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது பழைய படங்கள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் வினிகர் தடவிக் கருப்பைவாயைப் பார்த்தார்கள். ஒரேயொரு முறை செய்த அந்தச் சோதனையே கருப்பைவாய்ப் புற்றால் வரும் சாவை 35 சதவீதம் குறைத்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. முப்பதைத் தாண்டிய தாய்மார்களே, பரிசோதனைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே சந்தேகப்பட்டு ஸ்கேன் எழுதினால், அந்த வாரமே எடுங்கள். மகன்களே, உங்கள் அம்மாவுக்காக ஒருநாள் லீவு போடுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகளே, ஸ்கேனுக்குப் போகிறவளின் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள். ஒரு கூலி நாளை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குடும்பம் அம்மாவைப் பறிகொடுக்க வேண்டாம்.