கே. ஏ. குணசேகரன்

கே. ஏ. குணசேகரன் (மே 12, 1955 - சனவரி 17, 2016) தமிழகத்தைச் சேர்ந்த நாட்டுப்புறப் பாடகர், நாட்டுப்புறவியல் ஆய்வாளர், நாடக ஆசிரியர், பேராசிரியர் ஆவார். வயலிலும் வீட்டிலும் பாடப்பட்டுவந்த பாடல்களை மேடைக்குக் கொண்டுசென்றதோடு, அவற்றை ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக் குரலாகவும் ஒலிக்கச் செய்தவர்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய சிவகங்கை மாவட்டத்தில், இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தை என்னும் சிற்றூரில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். வறுமையும் சாதி இழிவும் சூழ்ந்த தம் இளமைக்காலத்தை 'வடு' (2005) என்னும் தன்வரலாற்று நூலில் பதிவு செய்துள்ளார். தமிழில் வெளிவந்த தலித் தன்வரலாறுகளுள் குறிப்பிடத்தக்க இந்நூல், 2009 இல் ஆங்கிலத்தில் வெளியானது. நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

இசைப்பணி

நாட்டுப்புறப் பாடல்களுக்குப் பொதுவாக எழுதப்பட்ட வடிவமோ, பெயர் அறியப்பட்ட ஆசிரியரோ இருப்பதில்லை. நடவு, தாலாட்டு, ஒப்பாரி என ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கைச் சூழலோடு பிணைந்தது. அச்சூழல் மறையும்போது பாடலும் மறைந்துவிடும். எனவே அதைத் தேடித் தொகுப்பதும் பாடிக்காட்டுவதும் ஒன்றையொன்று சார்ந்த பணிகளாகின்றன. குணசேகரன் இவ்விரண்டையும் செய்தார்.

அவர் நடத்திய கலைக்குழுவின் பெயர் 'தன்னானே'. இது நாட்டுப்புறப் பாடல்களில் மெட்டெடுக்கப் பயன்படும் அசைச்சொல்லாகும்.

1968 ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இக்கொடுமையை ஒட்டிக் கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' என்னும் பாடல், குணசேகரனின் குரல் வழியாகத் தமிழகமெங்கும் பரவியது. நாட்டுப்புற இசை பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதன்று, நீதி கேட்கவும் வல்லது என்பதற்கு இப்பாடல் தக்க சான்றாகும்.

நாடகமும் ஆய்வும்

இவர் எழுதிய 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் எனப் பலராலும் குறிப்பிடப்படுகிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராகவும், சென்னை தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 'நாட்டுப்புற மண்ணும் மக்களும்', 'நகர்சார் நாட்டுப்புறப் பாடல்கள்', 'சேரிப்புறவியல்' ஆகியவை இவரது நூல்களுட் சில. நாட்டுப்புறப் பாடல் சிற்றூர்களுக்கு மட்டும் உரியதன்று, நகரத்து மக்களிடமும் சேரிகளிலும் அது வாழ்கிறது என்ற பார்வையை இத்தலைப்புகளே காட்டுகின்றன.

மறைவு

குணசேகரன் 2016 சனவரி 17 அன்று புதுச்சேரியில் காலமானார். நாட்டுப்புறக் கலைஞரை ஆய்வாளர்கள் தகவல் தருபவராக மட்டும் கருதுவது வழக்கம். பாடலைப் பிறப்பித்த சமூகத்திலிருந்து வந்த ஒருவரே அதைப் பாடவும், ஆராயவும், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் முடியும் என்பதை இவரது வாழ்க்கை மெய்ப்பித்தது.