அழுதால் கிடைக்காது!

வாசலில் மண் அள்ளி விளையாடுகிறது, 2 வயதுக் குழந்தை. "வா, குளிக்கலாம்" என்று தாய் கூப்பிடுகிறாள். குழந்தை வரவில்லை. தாய் தூக்குகிறாள். அவ்வளவுதான்! கையையும் காலையும் உதைத்து, ஊரைக் கூட்டிவிடுகிறது.

"என்ன பிடிவாதம்! அப்பனைப் போலவே!" என்பாள், பாட்டி.

அது பிடிவாதம் மட்டும் அல்ல.

நேரம் தெரியாது

குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. "இன்னும் 5 நிமிடம்" என்றால் அதற்குப் புரியாது. ஆசையை அடக்கி வைக்கும் மூளைப் பகுதி, நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழு வளர்ச்சி அடைய 20 வயதுக்கு மேல் ஆகும். ஆகவே, விளையாட்டைச் சட்டென்று விட்டுவிட்டு வருவது குழந்தைக்குக் கடினம்.

முன்னதாகச் சொல்லுங்கள்

கண்ணுக்குத் தெரியும் கணக்காகச் சொல்லுங்கள். "இன்னும் 3 கொட்டாங்கச்சி மண் கொட்டு. பிறகு குளியல்." மூன்றையும் கூடவே எண்ணுங்கள். "சொம்பை நீ எடுத்து வா" என்று ஒரு சின்ன வேலையும் கொடுங்கள்.

"குளிக்கலாமா?" என்று கேட்காதீர்கள். "மாட்டேன்" என்றுதான் சொல்லும். "குளித்ததும் பச்சைச் சட்டையா, சிவப்புச் சட்டையா?" என்று கேளுங்கள்.

சொன்னால் சொன்னதுதான்

செல்போன் சண்டை இல்லாத வீடு உண்டா?

2 வயது ஆகாத குழந்தைக்குச் செல்போன், டெலிவிஷன் வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது.

"இந்தப் பாட்டோடு சரி" என்று சொன்னால், அந்தப் பாட்டோடு வாங்கி வைத்துவிடுங்கள். குழந்தை அழும். பக்கத்திலேயே இருங்கள். "இன்னும் பார்க்க ஆசைதான். ஆனால், இன்றைக்குப் போதும்" என்று மெல்லச் சொல்லுங்கள்.

இன்று மறுத்து, நாளை அழுகைக்குப் பயந்து கொடுத்தால் என்ன ஆகும்? "இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்" என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அம்மா மறுத்ததைப் பாட்டி மறைவாகக் கொடுக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு!

அடிக்க வேண்டாம்

அடித்தால், குழந்தை பயப்படும். பிறகு, தானும் அடிக்கும். அது அடிக்க வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு, "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். அடுப்பு, கிணறு, ரோடு – இங்கே பேச்சே வேண்டாம். உடனே தூக்கிவிடுங்கள்.

கட்டளைகள் கொஞ்சமாக இருக்கட்டும். ஆனால், நாளுக்கு ஒன்றாக மாற வேண்டாம்.

கண்டிப்பு வேறு. கோபம் வேறு. குழந்தைக்கு வேண்டியது, கண்டிப்பு!