தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

உலகில் இடைநில்லாமல் பறக்கும் மிக நீண்ட பயணிகள் விமான சேவைகளில் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்வது. இரண்டு ஊர்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை நாமே கணக்கிட்டுவிடலாம்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1.4 பாகை வடக்கே இருக்கிறது, நியூயார்க் 40.6 பாகை வடக்கே. தீர்க்கரேகைப்படி இரண்டும் பூமியின் ஏறக்குறைய நேரெதிர்ப் பக்கங்களில் உள்ளன. ஆகவே மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிச் செல்கிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை, மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. வீதம் பெருக்கினால் ஏறத்தாழ 15,300 கி.மீ. வரும். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் இந்த வழி தெரியாது. உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் உடனே தெரியும்.

விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்றால் 17 மணி நேரம் போதும். ஆனால் அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் மேல் போட்டிருப்பார்கள். காரணம், விமானம் எப்போதும் குறுகிய வழியில் போவதில்லை. தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ‘ஜெட் ஸ்ட்ரீம்’ என்னும் பலத்த காற்று வீசுகிறது. அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காற்றைத் துணையாகக் கொள்ள, நியூயார்க் செல்லும் விமானம் பல நாட்களில் பசிபிக் பெருங்கடலின் மேல் கிழக்கு நோக்கிப் பறக்கிறது. தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடினாலும் காற்றின் உதவியால் நேரம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை.

அட்டவணை நேரத்தில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும்வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் சேரும்.

வான்வெளி அனுமதியும் நேரத்தை மாற்றும். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. அதன்பின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ செல்ல ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது. முன்பு ஒன்பதரை மணி நேரம்தான். ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வழி மட்டும் நீண்டுவிட்டது.

கடிகாரக் கணக்கைத் தனியே போட வேண்டும். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். குளிர்காலத்தில் 13 மணி நேரம். கோடையில் சிங்கப்பூரில் நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டு 18 மணி 40 நிமிடம் பறந்தால், இறங்கும்போது சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.40. நியூயார்க்கிலோ அதே நாள் மாலை 6.40. பயணச்சீட்டில் போட்டிருக்கும் இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள். அவற்றை நேராகக் கழித்து, பயணம் 6 மணி 40 நிமிடம்தான் என்று எண்ணிவிடக் கூடாது.

எந்த இரண்டு ஊர்களுக்கும் இதே வழிதான். தூரத்தை 900ஆல் வகுத்து, ஏறி இறங்குவதற்கும் தரையில் ஊர்வதற்கும் ஒரு மணி நேரம் வரை கூட்டுங்கள். மேற்கு நோக்கிய நெடும்பயணம் என்றால் எதிர்காற்றுக்காக இன்னும் சற்று கூட்டுங்கள். இறங்கும் ஊரில் வேறு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் இந்தக் கணக்கை நம்பாமல் நிறுவனத்தின் அட்டவணையையே பாருங்கள். இடையில் தாராளமாக நேரம் விடுங்கள்.