போனில் வரும் நேர்முகப் பரீட்சை: நம் பிள்ளைகள் ஏன் தவறவிடுகிறார்கள்?

சீனி விலையையும் டொலர் விலையையும் இந்த வாரம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, நம் வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

என் ராத்தாவின் மகன் உயர் தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்து, கணக்கியலில் டிப்ளோமாவும் முடித்தவர். பருத்தித்துறையில் என் கடைக் கணக்கைப் பார்த்துக்கொண்டே கொழும்புக் கம்பனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பி வந்தார். ஒரு நாள் யாழ்ப்பாணம் போய்விட்டு 750 பஸ்ஸில் திரும்பும்போது, நெல்லியடியில் வைத்து கோல் வந்தது. அவர் விண்ணப்பித்த கம்பனிதான். "இப்போது பேசலாமா?" என்று அந்தப் பெண் அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவரும் "யெஸ் மேடம்" என்றிருக்கிறார்.

நம் பஸ்களில் பாட்டுப் போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் நடத்துனரின் விசில். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இவர் தலையை ஆட்டியிருக்கிறார். போதாக்குறைக்கு இரண்டாவது லைனில் விடாமல் ஒரு கோல். அது வேறு யாருமல்ல, நான்தான்! பருப்பு மூடைக்காரருக்குக் காசு கொடுத்தாயிற்றா என்று கேட்பதற்காக நான்கு தடவை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் அந்த நேர்முகப் பரீட்சை முடிந்தது. "அறிவிக்கிறோம்" என்றார்கள். அறிவிக்கவில்லை.

அன்றிரவு அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எனக்கும் நெஞ்சு உறுத்தியது. ஆகவே இதை எழுதுகிறேன்.

முன்பெல்லாம் ஒரு நேர்முகப் பரீட்சை என்றால் இரவு பஸ் ஏறி, விடிய கொழும்பில் இறங்கி, யாராவது சொந்தக்காரர் வீட்டில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போக வேண்டும். போக வர இரண்டு இரவு. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்த பிறகு, முதல் சுற்றை போனிலேயே முடித்துக்கொள்வது பல கம்பனிகளுக்குப் பழகிவிட்டது. நாட்டின் வட முனையில் இருக்கும் நமக்கு இது பெரிய வசதி. ஆனால் நல்ல சட்டையும் பணிவான முகமும் செய்து வந்த வேலையை இப்போது குரல் ஒன்றே செய்ய வேண்டியிருக்கிறது.

இதில் நமக்கு, அதாவது கடைக்காரர்களுக்கு, பழக்கம் உண்டு. 80களின் தொடக்கத்தில் எங்கள் வாப்பாவின் கடையில் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. கொழும்பு கெய்சர் வீதி மொத்த வியாபாரியோடு பேச வேண்டுமென்றால் ட்ரங்க் கோல் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நிமிடக் கணக்கில் காசு. வாப்பா கேட்க வேண்டியதையெல்லாம் சிகரட் பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் முதலே எழுதி வைத்துக்கொள்வார். மணி அடித்ததும் கடைக்குள் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. ஸலாம், பெயர், ஊர், பிறகு விஷயம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு நாங்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தபோது கையில் ஒன்றும் இருக்கவில்லை. அப்போதும் கெய்சர் வீதியில் வாப்பாவின் குரலைக் கேட்டே கடனுக்குத் துணி அனுப்பியவர்கள் உண்டு. முகத்தை அவர்கள் கண்டது வருடத்துக்கு ஒரு தடவைதான்.

மருமகனை உட்கார வைத்து நான் சொன்னதும் வாப்பாவிடம் கண்டதைத்தான். பஸ்ஸில் கோல் வந்தால், "மேடம், பயணத்தில் இருக்கிறேன், பன்னிரண்டு மணிக்கு எடுக்க முடியுமா, அல்லது நான் எடுக்கட்டுமா?" என்று கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. நானும் கடைக்கு ஆள் எடுக்கும்போது போனில்தான் முதலில் பேசுகிறேன். அப்படிக் கேட்கிற பெடியனைப் பற்றி எனக்கு நல்லெண்ணம்தான் வருகிறது. லைன் அறுந்துவிட்டால் எடுத்தவர் திரும்ப எடுப்பார் என்று இரண்டு நிமிடம் பார்க்கலாம். வராவிட்டால் நாமே எடுக்க வேண்டும். அதற்கு போனில் ரீலோட் இருக்க வேண்டும்! ஒரு தடவை வேலை கேட்டுப் பேசிக்கொண்டிருந்த பெடியன், லைன் அறுந்ததும் எனக்கு மிஸ்ட் கோல் கொடுத்தார். வேலை தருகிறவருக்கு மிஸ்ட் கோலா? நான் திரும்ப எடுக்கவில்லை. ரிங்கிங் டோனில் சினிமாப் பாட்டு வைத்திருந்தால், வேலை தேடுகிற காலத்திலாவது அதை எடுத்துவிடுவது நல்லது.

பெயரும் எண்ணும் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். பழைய டெலிபோன் லைன் மனிதக் குரலில் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான பகுதியைத்தான் கொண்டுபோகும். 'எஸ்', 'எஃப்' போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மையான ஓசையில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. இன்றைய கையடக்கத் தொலைபேசியிலும் சிக்னல் குறைந்தால் அதே கதைதான். ஃபாஸில், ஃபஸ்லி, ஸஃப்ரி என்று பெயர் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல வேண்டாமா? ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். பதினைந்து மூடை கேட்டு ஐம்பது மூடை வந்து இறங்கிய கடைக்காரர் நம்மில் எத்தனை பேர்! ஆகவே "ஒன்று, ஐந்து" என்று பிரித்துச் சொல்லப் பழகினோம். சம்பளம் பேசும்போதும் அப்படியே சொன்னால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

நமக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. பெரியவர் பேசும்போது வாய் திறக்காமல் தலையசைத்துக் கேட்பது. நேரில் அது மரியாதை. போனிலோ மறுபக்கத்தில் இருப்பவருக்கு லைன் செத்துவிட்டதோ என்று தோன்றும். இடையிடையே "ஆம், விளங்குகிறது" என்று சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அதையும் வாயால் சொல்லிவிட வேண்டும். சிங்களத்தில் கேள்வி வந்தால் தடுமாறி "ஹரி, ஹரி" என்று ஒப்பேற்ற வேண்டாம். "மட்ட சிங்ஹல டிகக் புளுவன்" என்று கொஞ்சம்தான் முடியும் என்பதை உண்மையாகச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு மாறலாம். தெரியும் என்று போனில் சொல்லி எடுபட்டவர் முதல் நாளே அலுவலகத்தில் அகப்பட்டுக்கொள்வார்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தில், கோபுரங்களின் பற்றரியும் இறங்கி, போன் இருந்தும் லைன் இல்லாமல் நின்றோம். இப்போது அந்த நிலை இல்லை. இருந்தாலும் வேறு கம்பனி சிம் ஒன்றின் எண்ணையும் சுயவிபரக் கோவையில் போட்டுவைப்பதற்கு என்ன செலவு?

வெளிநாட்டு வேலைக்கு போனில் நேர்முகம் என்று வந்தால், கேள்வி கேட்பது நம் முறையாகவும் இருக்க வேண்டும். கணினி வேலை என்று ஆசை காட்டி தாய்லாந்துக்கு அழைத்து, மியன்மாரின் மியாவதிப் பக்கத்தில் இணைய மோசடி முகாம்களுக்குள் இலங்கைப் பிள்ளைகளை அடைத்துவைத்த கதையை வாசித்திருப்பீர்கள். 2024இல்தான் அவர்களில் பலர் மீட்கப்பட்டார்கள். ஏஜென்சியின் அனுமதி எண்ணைக் கேட்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரித்த பிறகுதான் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சிலேயே "எடுபட்டீர்கள், காசைப் போடுங்கள்" என்பவரோடு அதற்கு மேல் பேசத் தேவையில்லை.

மருமகனுக்கு இரண்டாவது கோல் சென்ற மாதம் வந்தது, வேறொரு கம்பனியிலிருந்து. இந்தத் தடவை காலை 10 மணி என்று முதலே நேரம் வாங்கியிருந்தார். கடையின் பின்னால் உள்ள களஞ்சியத்தில், அரிசி மூடைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தேன். மூடைகள் எதிரொலியை உறிஞ்சிவிடும், பள்ளிக்கூட வகுப்பறையை விட நல்ல இடம். முன்னால் ஒரு தாளில் விண்ணப்பப் பிரதி, செய்த வேலைகள், கேட்க வேண்டிய மூன்று கேள்விகள். என் போனை நிறுத்தி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். பருத்தித்துறை எங்கே இருக்கிறது என்று கேட்டார்களாம். "நாட்டின் வடக்கு முனை, இதற்கு மேலே கடல்தான்" என்று சொன்னதற்கு அந்தப் பக்கம் சிரித்தார்களாம். இருபத்திரண்டு நிமிடம் பேசினார்.

இரண்டாவது சுற்றுக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். வியாழன் இரவு பஸ்ஸுக்கு சீட் போட்டாயிற்று. கடைக் கணக்குக்கு இனி யாரைப் பிடிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.